கொடுப்பவர் யார்?

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரைப் பக்கத்தில் ஓரிக்கை என்று ஓர் ஊர் இருக்கிறது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் நினைவாகக் கருங்கல்லால் எழுப்பியுள்ள மணிமண்டபத்தைக் காண வருகிறவர்களால் இப்போது அந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் பழக்கமாகி விட்டது. ஆனால் ஊரின் பெயர் மண்டபத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. அதற்கு ஒரு கதையும் உண்டு. தெரிந்தவர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

திருமழிசை ஆழ்வார் காஞ்சியில் திருவெஃகாப் பெருமாளைச் சேவித்துக் கொண்டிருந்த காலத்தில், தமக்குப் பணிவிடை செய்து வந்த ஒரு கிழவிக்கு இளமையைத் திருப்பிக் கொடுத்தாராம். அவளுடைய அழகைக் கண்ட பல்லவராஜன் அவளைக் கலியாணம் செய்து கொண்டான். காலம் போயிற்று. ராணிக்கு வயது ஏறவில்லை. ராஜாவுக்கோ தலை நரைத்து விட்டது. அந்த அவஸ்தையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். தனக்கும் இளமை வேண்டுமென்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணரைப் பிடித்தான். அவர் ஆழ்வாரை அரண்மனைக்கு அழைத்து வர இசையவில்லை. ராஜனைப் புகழ்ந்து பாடவும் மறுத்தார். "ஊரை விட்டுப் போ!" என்று உத்தரவாயிற்று. சீடர் புறப்பட்டார். அவர் அழைக்காமலே ஆழ்வாரும் கூடப் புறப்பட்டார். போகிற போக்கில் பெருமாளிடமும், "உமது பாம்புப் பாயைச் சுருட்டிக் கொண்டு கிளம்பும்" என்றார்; பெருமாளும் கிளம்பி விட்டார். எல்லாரும் ஓர் இரவு தங்கிய இடமே "ஓரிரவிருக்கை" என்று வழங்கி, நாளடைவில் தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ராஜன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகு திரும்பினார்கள். சொன்னபடி கேட்டவருக்குச் "சொன்னவண்ணம் செய்த பெருமாள்" என்ற திருநாமமும் நிலைத்தது.

இந்தக் கதையில் என்னை யோசிக்க வைப்பது ராஜனுடைய இளமைப் பைத்தியம் அன்று. கணிகண்ணரோடு இருவர் போகிறார்கள். ஒருவர் கேட்காமலே போகிறார். மற்றவர் சொன்னதற்காகப் போகிறார். பெருமாளுக்கு அது லீலை. மனிதர்களுடைய வீட்டிலோ இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவருக்கு, உயிரோடும் சுகத்தோடும் இருக்கும் இன்னொருவர் தம்முடைய இரண்டில் ஒன்றைக் கொடுக்கும் விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அந்த வித்தியாசந்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

நம் பாட்டிமார் குண்டிக்காய் என்று சொல்லி வந்த உறுப்புத்தான் சிறுநீரகம். முதுகெலும்பின் இரு புறத்திலும் அவரை விதையின் வடிவத்தில் ஒவ்வொன்று. எடை ஏறக்குறைய 150 கிராம். ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டுமாகச் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வேண்டியதையெல்லாம் மறுபடி உள்ளே வாங்கிக் கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் வெளியே தள்ளுகின்றன. இவ்வளவு வேலை செய்தும் சத்தமே போடாத உறுப்பு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் பழுதான பிறகும் மனிதருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பல வருஷம் உள்ளே அரித்துக் கொண்டிருக்கும். வெளியே மனிதர் காப்பி குடித்துக் கொண்டு, அரசியல் பேசிக் கொண்டு, சௌக்கியமாகத்தான் இருப்பார். ஒருநாள் காலையில் செருப்புக்குள் பாதம் நுழைய மறுக்கும். முகம் ஊதும். சாப்பாட்டைக் கண்டால் குமட்டும். அப்போது டாக்டரிடம் போனால், அநேகமாய்க் கடைசி அத்தியாயம் ஆரம்பமாகி விட்டது என்பார்.

ஓரிக்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டுத் தறிகள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு வீட்டை நாம் கற்பனை செய்து கொள்வோம். பெயர் வேண்டாம். நாற்பத்தைந்து வயதுத் தறிக்காரர், மனைவி, படிக்கிற இரண்டு குழந்தைகள், அவருடைய வயோதிகத் தாயார். காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலைக்கு ஓர் ஆள் போதாது என்பது சேலை கட்டுகிறவர்கள் பலருக்குத் தெரியாது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்கும். இரண்டையும் பிசகில்லாமல் கோத்து நெய்வதற்கு நெசவாளர் ஒருவரும், பக்கத்திலிருந்து கரைக்கு நாடா தள்ளித் தருகிறவர் ஒருவரும் வேண்டும். அந்த இரண்டாம் ஆள் பெரும்பாலும் வீட்டு மனுஷிதான். ஆகையால் தறிக்காரர் படுத்தால் ஒரு கூலி மட்டும் நிற்பதில்லை. இரண்டு பேர் உழைப்பும் நின்று போகிறது.

சிறுநீரகம் அடியோடு நின்று விட்டால் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிஸிஸ் செய்ய வேண்டும். இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே விடுகிற சிகிச்சை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதற்கு இடம் கொடுத்திருப்பதால், முன்பு பணமில்லாமல் மடிந்த குடும்பங்கள் பல இப்போது மூச்சு விடுகின்றன. அது பெரிய காரியம். ஆனால் சிகிச்சை இலவசமானாலும் நாள் இலவசமாவதில்லை. போக, வர, வந்து களைத்துப் படுக்க என்று வாரத்தில் மூன்று நாள் தொலைந்தன. மிச்ச நாட்களிலும் கை முழுதும் கைவசம் இல்லை. ஊசி ஏற்றுவதற்காக மணிக்கட்டிலோ முழங்கையிலோ தமனியையும் சிரையையும் இணைத்து வைத்து விடுகிறார்கள். அதை ஃபிஸ்டுலா என்கிறார்கள். அந்தக் கையால் பளு தூக்கக் கூடாது. அதில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இறுக்கமாக ஒன்றும் அணியக் கூடாது. விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரமிடுவது போல ஒரு துடிப்புத் தெரியும். நோயாளிகள் காலையில் எழுந்தவுடன் பார்ப்பது அதைத்தான். துடிப்பு இருந்தால் அன்றையப் பொழுதுக்குக் கவலையில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு வெகு குறைவு. தண்ணீர் அளந்து: ரஸம், மோர், காப்பி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. கோடையில் பிறர் நோயாளிக்கு அன்போடு வாங்கி வரும் இளநீர் அவருக்கு விஷம், வாழைப்பழமும் அப்படியே, அவற்றிலுள்ள பொட்டாசியம் இருதயத்தை நிறுத்தி விடக் கூடும். காய்கறியை நறுக்கி, வேக வைத்து, அந்த நீரைக் கொட்டி விட்டுச் சமைக்க வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே உப்பிலியப்பன் உப்பில்லாத நைவேத்தியத்தை எத்தனையோ காலமாக மனமுவந்து ஏற்று வருகிறார். வீட்டிலுள்ள அப்பன்மார்களுக்கு மூன்றாவது நாளே கோபம் வந்து விடுகிறது. அந்தக் கோபத்தைச் சகித்துக் கொண்டு இரண்டு வகைச் சமையல் செய்கிறவளைப் பற்றி எந்த வைத்திய நூலிலும் அத்தியாயம் கிடையாது.

இந்த இயந்திரம் பிறந்த கதை ரஸமானது. 1943-ல் ஜெர்மானியர் வசம் இருந்த ஹாலந்தில், காம்பன் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் வில்லம் கொல்ஃப் என்ற இளம் டாக்டர் இதைச் செய்தார். யுத்த காலத்தில் சாமான் ஏது? இறைச்சிக் கடையில் உபயோகப்படும் செல்லோபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி, அதற்குள் இரத்தத்தை ஓட விட்டார். ஆரம்பத்தில் நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மனிதர் விடவில்லை. 1945-ல் 67 வயது மூதாட்டி ஒருத்தி பிழைத்தாள். கண் விழித்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், தன் புருஷனை விவாகரத்துச் செய்யப் போகிறாள் என்பதுதான் என்று கொல்ஃப் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

இயந்திரம் உயிரை நீட்டித்தது. நோயாளியைக் கட்டிலிலிருந்து விடுவிக்கவில்லை. அதற்கு இன்னொருவருடைய சிறுநீரகமே வேண்டியிருந்தது. 1954 டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் ஜோசப் முர்ரே, ரொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார். ஒரே கருவில் பிறந்தவர்களாகையால் தேகம் அதை அந்நியமென்று எதிர்க்கவில்லை. ரிச்சர்டு தமக்குப் பணிவிடை செய்த நர்ஸையே மணந்து, இரண்டு பெண்களுக்குத் தகப்பனாராகி, 1963 வரையில் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்ட் 2010 வரையில் இருந்தார். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆபரேஷனுக்கு முந்தின இரவு. நோயாளி தம் சகோதரருக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார்: எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. தாம் வந்தாயிற்று, இங்கேயே இருக்கப் போவதாக மற்றவர் பதில் எழுதி விட்டார். உயிர் போகும் தறுவாயிலும் பெற்றுக் கொள்கிறவர் கதவைத் திறந்து விட்டார். திறந்த கதவு வழியே போகாமல் கொடுக்கிறவர் உட்கார்ந்து கொண்டார். இதற்கு மேல் உயர்ந்த தானம் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

பிற்பாடு, இரட்டையர் அல்லாதவர்களுக்கும் பொருந்தும்படி தேகத்தின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் வந்தன. நமது நாட்டில் வெற்றியோடு நடந்த முதல் உயிர்க்கொடைச் சிறுநீரக மாற்றம் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நடந்தது. காஞ்சியிலிருந்து வேலூர் அப்படியொன்றும் தூரமில்லை.

ஆயினும் சாதாரண ஜனங்கள் இந்த வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தது இரண்டு பெரிய மனிதர்களால். ஒருவர் ஜெயப்பிரகாச நாராயணர். 1975-ல் நெருக்கடி நிலையின் போது காவலில் இருக்கையில் அவருடைய சிறுநீரகங்கள் செயலற்றுப் போயின. விடுதலையான பிறகு பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார். பொதுஜனங்கள் சிறு சிறு தொகையாகச் சேர்த்து அவருக்கு டயாலிஸிஸ் இயந்திரம் வாங்கித் தந்தார்கள். 1979 அக்டோபர் 8-ந் தேதி காலமாகும் வரையில் அந்த இயந்திரத்தின் துணையோடுதான், ஒரு சர்க்காரை இறக்கி இன்னொரு சர்க்காரை ஏற்றுகிற காரியம் வரையில் அவர் செய்து முடித்தார்.

மற்றவரைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1984 அக்டோபரில் முதன் மந்திரி எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பிறகு நியூயார்க்கில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டு போனார்கள். கோயில்களிலும் மசூதிகளிலும் மாதா கோயில்களிலும் ஜனங்கள் திரண்டு பிரார்த்தனை செய்தார்கள். டிசம்பரில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கப்பட்டது. கொடுத்தவர் அவருடைய தமையனார் சக்கரபாணியின் குமாரி லீலாவதி. எம்.ஜி.ஆர். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மறுபடியும் பதவி ஏற்று, 1987 டிசம்பர் 24 வரையில் ஆட்சி செய்தார். மூன்று வருஷ காலம் ஒரு மாகாணத்தின் அரசியல் அந்தப் பெண்மணி கொடுத்த 150 கிராமின் மேல் நின்றது என்று சொன்னால் அது அதிசயோக்தி ஆகாது. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால், பெற்றுக் கொண்டவரின் படம் நூற்றுக் கணக்கில் இருக்கும். கொடுத்தவர் படத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு விசித்திரம். 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2011-ல் அதைத் திருத்தினார்கள். அதன்படி தாய், தகப்பன், பிள்ளை, பெண், உடன்பிறந்தார், கணவன் அல்லது மனைவி, பாட்டனார் பாட்டிமார், பேரன் பேத்தி ஆகியோரே நெருங்கிய உறவினர். தமையன் மகள் அந்த ஜாபிதாவில் இல்லை! சிற்றப்பாவுக்கும் அண்ணன் மகளுக்கும் உள்ள உறவு நெருங்கியதல்ல என்று சொன்னால் எந்தத் தமிழ்க் குடும்பமும் சிரிக்கும். ஆனால் இன்றையச் சட்டப்படி அப்படிப்பட்டவர் கொடுக்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் முன் போய், அன்பினால்தான் கொடுக்கிறேன், காசுக்காக அல்ல என்று ஒப்புக் கொள்ளச் செய்ய வேண்டும். சட்டத்துக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், நெருங்கிய உறவினருக்குள்ளேயே என்ன நடக்கிறது? மேற்சொன்ன ஓரிக்கை வீட்டுக்கு வருவோம். தாயாருக்கு நீரிழிவு, அவர் கொடுக்க முடியாது. தம்பி நன்றாக இருக்கிறார். ஆனால் அவருடைய மனைவி சோதனைக்கே அனுப்ப மாட்டேன் என்கிறாள். "அவர் சம்பாதித்தால்தானே நாங்கள் சாப்பிடுவது?" நியாயந்தான். ஒருநாள் நோயாளியின் அக்கா ஊரிலிருந்து வருகிறார். தம்பியின் தலையை வருடுகிறார். "நீ ஏண்டா கவலைப்படறே? வீட்டிலேதான் அவ இருக்காளே" என்கிறார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருப்பவளுக்கு இது காதில் விழுகிறது. விழ வேண்டுமென்றுதான் சொல்லப்பட்டது. அன்று இரவு அவள் கணவனிடம் வந்து, "நான் கொடுக்கிறேனுங்க" என்கிறாள். இது ஆழ்வார் புறப்பட்டது போன்ற புறப்பாடா, பெருமாள் புறப்பட்டது போன்றதா? அவளுக்கே சொல்லத் தெரியாமல் இருக்கலாம். அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, நாளைக்கு அவர் போய்விட்டால் ஊர் தன்னை என்ன சொல்லும் என்ற எண்ணமும் இருக்கிறது.

இது வெறும் கற்பனை என்று நினைப்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. 1995 முதல் 2021 வரையில் இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் பெண்கள் பெற்றவை 6,945 என்று தேசிய உறுப்பு மாற்று அமைப்பு தெரிவித்திருக்கிறது. மிகுதி யாவும் ஆண்களுக்கு. 2019-ம் வருஷத்தை மட்டும் ஆராய்ந்தவர்கள், உயிரோடிருந்து உறுப்புக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் பெண்கள், பெற்றவர்களில் நூற்றுக்கு 80 பேர் ஆண்கள் என்று கண்டார்கள். மனைவிமாரும் தாய்மாருமே பெரும்பாலோர். மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டால் அதே வீட்டில் அதே அக்கா வந்து தம்பியிடம் என்ன சொல்லுவார் என்று கேட்டுப் பாருங்கள். "உனக்கு இன்னும் வயசு இருக்குடா" என்பதுதானே?

கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்கத் தகுந்தவர் கொடுத்தால் அபாயம் சொற்பம். அமெரிக்காவில் கண்ட கணக்கின்படி, கொடுப்பவர்களில் பதினாயிரத்துக்கு மூன்று பேர் அளவில்தான் அந்த ரண சிகிச்சையைத் தொடர்ந்து இறக்கிறார்கள். எஞ்சி நிற்கும் ஒற்றைச் சிறுநீரகம் சில மாதங்களில் சற்றுப் பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் ஏறக்குறைய எழுபது சதவிகிதத்தைத் தானே செய்கிறது. வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துவாரங்கள் மூலம் எடுக்கும் முறை வந்து விட்டதால், சில நாளில் வீட்டுக்குப் போய் விடலாம். நாலு முதல் ஆறு வாரம் கடின வேலை கூடாது. பெற்றுக் கொண்டவருக்கோ மறுபிறவி. புதியதைப் பழைய இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு அருகில் வைக்கிறார்கள். பழைய இரண்டும் அநேகமாக அப்படியே இருக்கும். மருந்தை ஒரு வேளை கூடத் தவற விடாமல் இருந்தால், உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகம் பதினைந்து, இருபது வருஷம் உழைப்பது உண்டு. தறிக்காரர் மறுபடியும் தறியில் உட்காரலாம். ஒரு செம்பு தண்ணீரை அளவு பார்க்காமல் குடிக்கலாம். டயாலிஸிஸில் இருந்தவர்களைக் கேட்டால் அந்தச் செம்புத் தண்ணீரைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் கொடுத்தவரும் அன்று முதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய மனிதர். வருஷந்தோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும். இன்னும் பிள்ளை பெற எண்ணமுள்ள பெண்ணானால், கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்பு வரும் சாத்தியம் மற்றவர்களை விட அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் நடப்பதென்ன? ஆபரேஷன் முடிந்து இருவரும் திரும்பியவுடன், அவருக்குத் தனியறை, கொதிக்க வைத்த தண்ணீர், பார்க்க வருகிறவர்களுக்குத் தடை உத்தரவு. அவளுக்கு? பத்தாம் நாள் அடுப்பு. பெற்றுக் கொண்டவருக்கு மறுபரிசோதனை நாள் நாட்காட்டியில் சிவப்பு மசியால் குறித்திருக்கும். கொடுத்தவளுக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே யாருக்கும் நினைவிராது.

2014-ம் வருஷத்து விதிகளைச் செய்தவர்கள் வீட்டு விவகாரம் தெரிந்தவர்கள் என்று நினைக்கிறேன். கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் விசேஷக் கவனம் வேண்டும், அவளுடைய சுயேச்சையான சம்மதத்தைப் பெற்றுக் கொள்பவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்து கொள்ள வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. இதை வெறும் காகிதச் சடங்காகச் செய்கிற இடமும் இருக்கலாம். மனசாட்சியுள்ள வைத்தியர்கள் செய்வது வேறு. கொடுக்க வந்தவரைத் தனியே அழைத்துக் கேட்பார்கள். மனமில்லை என்று தெரிந்தால், குடும்பத்தாரிடம் "இவர் கொடுப்பதற்குத் தகுதியில்லை" என்று மட்டும் சொல்லி விடுவார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். மேலை நாடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. வைத்தியர் பொய் சொல்லலாமா என்று சிலர் தர்க்கம் செய்கிறார்கள். மனமில்லாமை ஒரு தகுதியின்மை இல்லையா என்பது என் கேள்வி. அந்த அறைக் கதவு சாத்தியிருக்கிற ஐந்து நிமிஷந்தான், ரிச்சர்டு ஹெரிக் எழுதிய சீட்டுக்கு நம் நாட்டில் ஈடாக இருக்கக் கூடியது.

நோயாளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கேட்பதைப் போலக் கஷ்டமான காரியம் அவருக்கு இல்லை. கேட்டால் கட்டாயம், கேட்காவிட்டால் மரணம். அநேகர் கேட்பதே இல்லை. தமக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் உறவினருக்குச் சொல்லி விட்டு, சோதனைக்கு வருவதும் வராததும் அவரவர் இஷ்டம் என்று விட்டு விடுவதே கௌரவமான வழி என்று தோன்றுகிறது. பொருத்தமில்லாவிட்டாலும் கதவு அடைபடுவதில்லை. இரத்த வகை ஒத்து வராத இரண்டு குடும்பங்கள் ஒருவருக்கொருவர் மாற்றிக் கொள்ளலாம். இந்த வீட்டு மனைவி அந்த வீட்டு நோயாளிக்கும், அந்த வீட்டுத் தகப்பனார் இந்த வீட்டு நோயாளிக்குமாகக் கொடுப்பதை 2011-ம் வருஷத்துத் திருத்தம் அனுமதிக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற நமக்கு இது புரியாத ஏற்பாடல்ல.

சட்டத்தின் சந்தேகத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 1994-க்கு முன்பு சென்னையில் சிறுநீரகம் பகிரங்கமாக விற்றது. வில்லிவாக்கத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் "கிட்னிவாக்கம்" என்றே பெயர் வைத்து விட்டார்கள். சட்டம் வந்த பிறகும் வியாபாரம் ஒளிந்து நடந்தது. விற்றவர்களில் 305 பேரைச் சென்னையில் கண்டு விசாரித்த ஆராய்ச்சி ஒன்று 2002-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு அவர்களுடைய குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்து விட்டது. கடனோ முக்கால்வாசிப் பேருக்கு அடையவே இல்லை. 86 சதவிகிதத்தார் தேக நிலை கெட்டதாகச் சொன்னார்கள். 79 சதவிகிதத்தார், இந்தக் காரியத்தைப் பிறருக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம் என்றார்கள். அங்கேயும் விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; புருஷன் சம்பாதிக்கிறவன் அல்லது நோயாளி என்பது அவர்கள் சொன்ன காரணம். 2025 ஜூலையில் நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரைத் தரகர்கள் இதே வலையில் வீழ்த்தியதாகப் புகார் எழுந்து, சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. வாங்குகிற வீடும் விற்கிற வீடும் தறி ஓசை கேட்ட வீடுகளாகவே இருக்கக் கூடும் என்பதை நினைக்கையில் மனம் என்னவோ செய்கிறது.

உயிரோடிருப்பவரை நாடாமல் இருக்க வழி, இறந்தவர்களிடமிருந்து பெறுவது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதிகள் அசோகனும் புஷ்பாஞ்சலியும், விபத்தில் மூளைச் சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனுடைய உறுப்புகளை வழங்கினார்கள். அதன் பின்னர்தான் தமிழ்நாட்டில் இந்த இயக்கம் வேகம் கொண்டது. 2023 செப்டம்பர் முதல் இப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு அந்திமச் சடங்கு நடக்கிறது. ஆனாலும் வரிசை நீளம், வருஷங்கள் ஆகும்.

வரிசையையே குறைக்கப் பார்த்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக் கொள்கிறேன். ஜஸ்லோக்கில் ஜெயப்பிரகாசருக்குச் சிகிச்சை செய்தவர் டாக்டர் எம்.கே. மணி. பின்னர் சென்னை அப்போலோவுக்கு வந்தார். பெரிய மனிதர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், சென்னைக்கு வெளியே 25,000 ஜனத்தொகை கொண்ட கிராமங்களை எடுத்துக் கொண்டார். அவர் தொடங்கிய கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். பெண்கள் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வியாதி தெரிந்தவர்களுக்கு, விலையுயர்ந்த புது மருந்துகளை விட்டு, மருந்துக் கடைக்காரர்கள் மறந்து போன மலிவான பழைய மாத்திரைகளையே கொடுத்தார். பெரும்பாலோருக்குக் கொதிப்பும் சர்க்கரையும் கட்டுப்பட்டன. 2003-ல் அவர் கணக்குக் காட்டியபோது, ஆளுக்கு வருஷத்துக்கு ஆன செலவு கால் டாலர் சொச்சம். ஒரே ஒரு டயாலிஸிஸுக்கு ஆகும் பணத்தில் எத்தனை வீடுகளின் வாசற்படியை அந்தப் பெண்கள் ஏறி இறங்கியிருப்பார்கள் என்பதை நேயர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.